முழுப் பெயர்

பண்டாரவளை நகர மண்டபத்தின் தகரத்தில்
மழை பேசத் தொடங்கியதால்
ஒலிவாங்கியைக் கூட்டச் சொன்னார்கள்.
மொழிபெயர்ப்பாளன் எனக்கு
இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல்.
இடது காதில் சிங்களம், வலது காதில் தமிழ்,
வாய் மட்டும் அரசாங்கத்துடையது.

கௌரவ உறுப்பினர் தெல்கஹவத்த
கேள்விக்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார்.
கமராக்காரர்களுக்கு அது தெரியும்;
கை காதோரம் போகும்போதே
சிவப்புப் புள்ளிகள் எரியும்.

எதிரே அபேதீர.
தொழிலாளர் நலச் சபைத் தலைவர் பதவிக்குப்
பெயர் குறிக்கப்பட்டவர்.
முன்பு மூன்று தோட்டங்களுக்குத் தொரை.
கழுத்துப்பட்டியில் சின்னதாய் ஒரு குதிரை.

"தொண்ணூற்றெட்டில், ஆறாம் நம்பர் மலையில்
ஈரக் கொழுந்துக்கு எத்தனை கிலோ கழித்தீர்கள்?"
நினைவில்லை.
"இது உங்கள் கையெழுத்தா?"
என்னுடையது போலத்தான் இருக்கிறது.
"போலவா? ஆமா, இல்லையா?"
நினைவில்லை.

பதினோரு நினைவில்லைகளைத்
தமிழுக்குக் கொண்டுவந்தேன்,
பின்வரிசையில் வெற்றிலை மணத்தோடு
உட்கார்ந்திருந்த தமிழுக்கு.
பன்னிரண்டாவதற்கு நான் வாய் திறக்குமுன்
அவர்களே ஒன்றாய்ச் சொல்லிவிட்டார்கள்.
தலைவர் மேசையைத் தட்டினார்.
தெல்கஹவத்த சிரிக்கவில்லை.
சிரிக்காமலிருப்பதில் அவர் தேர்ந்தவர்.

பிறகு சாட்சி.
"முழுப் பெயர்?"

"முழுப்பேரு எங்கீங்க போட்டாங்க?
மாசத்துல பாதி நாளு அரைப்பேருதான்."

மண்டபத்தின் பின்பாதி வெடித்துச் சிரித்தது.
முன்பாதி என்னைப் பார்த்தது.
பதினாறு கிலோ எட்டாத நாளுக்குப் பாதிச் சம்பளம்,
அதுதான் அரைப்பேர் என்று
ஒரு சிரிப்பை அடிக்குறிப்போடு
எப்படிக் கொடுப்பது?
அடையாள அட்டையைப் பார்த்து
"காளிமுத்து சிட்டம்மா" என்றேன்.

கண்ணாடி கழன்றது.
"இந்த மனிதர் உங்கள் உழைப்பைத் திருடினாரா?
ஆமா, இல்லையா?"

"ஐயா, அன்னைக்குப் பேய்மழை.
பதினேழு கிலோ எடுத்தேன்.
தண்ணிக்கு ரெண்டு, சாக்குக்கு ஒண்ணு வெட்டுனாங்க.
தராசுகிட்ட தொரை நின்னாரு,
பார்த்துக்கிட்டுதான் நின்னாரு.
ஆனா அன்னைக்கு ராவு
புள்ளைக்கு வலிப்பு வந்தப்ப
அவரு ஜீப்புதான்..."

"ஆமா, இல்லையா?"

"தியத்தலாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போச்சு.
அதையும் எழுதணும்ல?"

அபேதீர முதன்முறையாகத் தலை நிமிர்ந்தார்.
ஜீப் அவருக்கு நினைவிருந்தது.

"எனக்கு இரண்டு நிமிடம்தான் இருக்கிறது அம்மா.
ஆமா? இல்லையா?"
அபேதீரவிடம் கேட்ட அதே குரல்.
மேசையைக் குத்திய அதே விரல்.
யாருக்காகக் கேட்கிறாரோ அவர் மேலேயே
இப்போது அது நீண்டிருந்தது.

சிட்டம்மா சொல்லி முடிக்கவில்லை.
கமராக்கள் என் வாயைப் பார்த்தன.
"ஒவ்" என்றேன்.

ஓர் அசை.
மழையும் ஜீப்பும் என் தொண்டையிலேயே நின்றுவிட்டன.
இரவுச் செய்தியில் அந்த ஓர் அசைதான் வந்தது,
அவர் முகத்தின் மேல் என் குரலாக.
ஒவ் என்றால் என்னவென்று தெரியாதவர்
பண்டாரவளையில் யார்?
சிட்டம்மாவுக்கும் தெரியும்.
என்னைத் திரும்பிப் பார்த்தார்.
கோபமில்லை. தராசு முள்ளைப் பார்ப்பது போல,
அவ்வளவுதான்.

சாட்சிப் படியை
வாசலருகே மடக்கு மேசையில் கொடுத்தார்கள்.
அமர்வு பன்னிரண்டரைக்கு முடிந்ததால்
அரை நாள் கணக்கு.
சிட்டம்மா தாள்களை எண்ணினார்,
இன்னொரு தடவை எண்ணினார்.
"இதுவும் அரைப்பேரா தம்பி?"
எழுதுவினைஞன் புரியாமல் என்னைப் பார்த்தான்.

ஸ்டூலிலிருந்து இறங்கியாயிற்று.
என் உறையில் முழு நாளுக்கும் இருந்தது.

அவனிடம் சொல்லத் தொடங்கினேன்,
மழையிலிருந்து.
பதினேழு கிலோ வரைக்கும் வந்திருப்பேன்,
அவன் மேசையை மடக்கிக்கொண்டிருந்தான்.